அடுப்புப் புகையும் டாக்டர் பத்மாவதி அம்மையாரும்

1962-ல் அப்பாவுக்கு ராணுவக் கிடங்கில் எழுத்தர் வேலை கிடைத்து, வேலூரிலிருந்து போலாரத்துக்குக் குடிவந்தோம். ஜன்னல் இல்லாத சமையலறையில் ஊதுகுழலும் கையுமாக விறகடுப்பின் முன் அம்மா உட்கார்ந்திருந்த காட்சி இன்றும் என் கண்ணிலேயே நிற்கிறது.

நாற்பது வயதைத் தாண்டியதும் அம்மாவுக்கு மூச்சு இரைத்தது. பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மாள் "ஆயாசம்" என்றார். பார்த்த மருத்துவரும் ஆஸ்துமா என்றே மாத்திரை கொடுத்து வந்தார். 1979-ல் கால்கள் வீங்கிய பிறகு வேறொரு மருத்துவரிடம் போனோம். அவர் கேட்ட முதல் கேள்வி: "வீட்டில் என்ன அடுப்பு?"

பிறகு விளக்கினார். பல வருடப் புகையில் நுரையீரல் கெட்டால் அதன் ரத்தக் குழாய்கள் இறுகும். அவற்றுக்குள் ரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயத்தின் வலப்பக்கம் பருத்து, பின் ஓய்ந்துபோகும். அதனால்தான் கால் வீக்கம். "இதை டில்லியில் ஆராய்ந்தவர் உங்கள் தமிழ்ப் பெண்மணிதான் அம்மா" என்றார். டாக்டர் எஸ். பத்மாவதியின் பெயரை அன்றுதான் கேட்டேன்.

அம்மையார் 1917-ல் பர்மாவில் பிறந்தவர். ரங்கூனில் மருத்துவம் படித்தார். ஜப்பானியப் படையெடுப்பின்போது தாயாருடனும் சகோதரிகளுடனும் கோயம்புத்தூர் வந்து சேர்ந்தார். போருக்குப் பின் லண்டன். அமெரிக்காவில் ஹெலன் டாசிக், பால் டட்லி ஒயிட் ஆகியோரிடம் பயிற்சி. 1953-ல் டில்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் ஆசிரியரானார்.

1959-ல் 127 நோயாளிகளைப் பற்றிய அவரது கட்டுரை வெளிவந்தது. மேல்நாட்டில் பெரும்பாலும் புகைபிடிக்கும் ஆண்களுக்கு வந்த இந்த நோய், டில்லியில் பெண்களுக்கும் ஏறக்குறைய அதே அளவில், அதுவும் இளவயதிலேயே வந்திருந்தது. விறகும் வறட்டியும் எரியும் அடுப்பின் மேல் அவர் சந்தேகம் விழுந்தது.

1967-ல் மௌலானா ஆசாத் மருத்துவக் கல்லூரியின் தலைமைப் பொறுப்பு, 1981-ல் அவர் தொடங்கிய தேசிய இதய நிலையம், 1992-ல் பத்மவிபூஷண் என்று தொடர்ந்த வாழ்க்கை, 2020 ஆகஸ்டில் கொரோனாவால் 103 வயதில் முடிந்தது.

நாங்கள் பதிவு செய்து, காத்திருந்து கேஸ் அடுப்பு வாங்கினோம். இருமல் குறைந்தது, இதயம் தேறவில்லை. நான்கு ஆண்டுகளில் அம்மா போய்விட்டார். அந்தக் கேள்வியைப் பத்து வருடம் முன்பே யாராவது கேட்டிருந்தால்?

ஊரில் இன்னும் விறகடுப்பில் சமைக்கும் அத்தையோ பாட்டியோ உங்களுக்கு இருக்கலாம். அடுத்த முறை போகும்போது புடவையோடு நின்றுவிடாமல், அடுப்பையும் மாற்றிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.