போய்த் திரும்பும் நூல்

தொம்மலூரில் நான் தங்கியிருக்கும் பி.ஜி.யில் கிழக்குப் பார்த்த ஜன்னல் ஒன்றே ஒன்றுதான், மூன்றாம் மாடி நடையில். காலை ஆறரைக்கு அதன் கீழே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால், எட்டு மணிக்குக் கல்லூரிக்குக் கிளம்பும்வரை நல்ல வெளிச்சம். டியூப்லைட்டில் கறுப்புத் துணியின் இழைகளை எண்ண முடியாது. முயன்றால் தலைவலிதான் மிச்சம். அந்த ஒன்றரை மணி நேரத்தில் பல் துலக்கப் போகிறவர்கள், வாட்டர் கேன் தூக்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே வாக்கியத்தைச் சொல்லிவிட்டுப் போவார்கள்: “உனக்கு எவ்ளோ பொறுமைப்பா!”

எனக்குப் பொறுமை கிடையாது. மேம்பாலத்தடியில் ஆட்டோ ஐந்து நிமிடம் நின்றால் காசைக் கொடுத்துவிட்டு இறங்கி நடந்துவிடுகிறவள் நான். ஊசி பிடித்தவளுக்குப் பொறுமைசாலிப் பட்டம் கொடுப்பவர்கள் நல்ல மனதோடுதான் கொடுக்கிறார்கள். ஆனால் கைக்கு மட்டும்தான் வேலை, மூளைக்கு ஒன்றுமில்லை என்ற நினைப்பு அதற்குள் ஒளிந்திருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

சொந்த ஊர் தர்மபுரி. ஆறாம் வகுப்பில் தையல் டீச்சர் கைக்குட்டைத் துணியில் ஓட்டுத் தையலும் சங்கிலித் தையலும் சொல்லிக்கொடுத்தார். வீட்டில் அம்மா கல்யாணத்துக்கு முன்னால் தைத்த தலையணை உறைகள் இன்னும் பீரோவில் இருக்கின்றன: ஒரு மூலையில் ரோஜா, இன்னொரு மூலையில் ‘ஸ்வீட் ட்ரீம்ஸ்’. பூத்தையல் என்றால் கார்பன் தாள் வைத்துப் படத்தைப் பதித்து, வட்டச் சட்டத்தில் துணியை இறுக்கி, கோட்டுக்குள் நிறத்தை நிரப்புவது என்று நினைத்துக்கொண்டேதான் டெக்ஸ்டைல் டிசைன் படிக்க பெங்களூரு வந்தேன். “பாப்பா டெய்லரிங் படிக்குது” என்று பெரியப்பா இன்னமும் எல்லாரிடமும் சொல்கிறார். திருத்துவதை விட்டுவிட்டேன்.

உண்மையில் முதல் வருடம் முழுக்கத் தையலே இல்லை. பாவு என்ன, ஊடு என்ன என்று மேசைத்தறியில் உட்கார வைத்தார்கள். சாயம் காய்ச்சினோம், மர அச்சு குத்தினோம், கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக நிரப்பினோம். ஊசி கேட்டு அலைந்த எனக்குச் சலிப்பாக இருந்தது. அந்தக் கிராஃப் தாள் எதற்கு என்று இரண்டாம் வருடத்தில் கசூதி வந்தபோதுதான் புரிந்தது.

கசூதி வட கர்நாடகத்துக் கைவேலை. தார்வாட், ஹூப்ளிப் பக்கம் பெண்கள் இல்கல் புடவைகளில் போடுவது. கறுப்புப் பட்டில் கசூதி போட்ட ‘சந்திரகாளி’ புடவை, மணப்பெண்ணுக்குக் கொடுக்கும் புடவைகளில் ஒன்றாக இருந்திருக்கிறது. கோபுரம், தேர், பல்லக்கு, துளசி மாடம், யானை, கிளி என்று உருவங்கள். புவிசார் குறியீடும் வாங்கியாகிவிட்டது. இதில் கார்பன் தாள் கிடையாது, பென்சில் கோடு கிடையாது, முடிச்சும் கிடையாது. நூலின் நுனியை வரப்போகிற தையல்களுக்கு அடியிலேயே மறைத்துவிட வேண்டும். துணியின் பாவும் ஊடும்தான் கட்டத்தாள். நான்கு இழை தாண்டி ஊசியை இறக்கு, நான்கு இழை தாண்டி ஏற்று. ஓர் இழை பிசகினால் யானையின் தும்பிக்கை ஒட்டாது.

தையல்கள் நான்கு. நேர்க்கோட்டில் போவது கவந்தி. படிக்கட்டு மாதிரி ஏறி இறங்குவது முர்கி. நெய்தது போலவே தெரிகிற நீளமும் குட்டையுமான ஓட்டுத் தையல் நெய்கெ; கன்னட நெய்கெயும் நம்முடைய நெசவும் பங்காளிகள்தான். நான்காவது மெந்தெ, பெருக்கல் குறிகளை அடுக்கினாற்போல இருக்கும் குறுக்குத் தையல். மெந்தெ என்றால் வெந்தயம். கவந்தி என்ற பெயர், முடிச்சைக் குறிக்கும் கன்னடச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். முடிச்சே போடாத தையலுக்கு முடிச்சின் பெயர்!

இந்த நான்கில் கவந்தியும் முர்கியும்தான் என் தூக்கத்தைக் கெடுத்தவை. துணியின் இரண்டு பக்கமும் அவை ஒன்றுபோலவே இருக்க வேண்டும். எப்படி? போகும்போது சாதாரண ஓட்டுத் தையல்: ஒரு தையல் மேலே, அடுத்தது அடியில். கோட்டின் கடைசிவரை போய், அதே ஓட்டைகள் வழியாகத் திரும்பி வரும்போது விட்ட இடைவெளிகள் எல்லாம் நிரம்பிவிடும். நேர்க்கோட்டுக்கு இது சுலபம். கோபுரத்துக்கு? ஒவ்வொரு நிலையிலும் இரண்டு பக்கமும் கிளைகள், கிளையில் குட்டிக் கிளைகள், உச்சியில் கலசம். எந்தக் கிளைக்குள் எப்போது நுழைந்து எப்போது திரும்புவது என்று முன்கூட்டியே தெரியாவிட்டால், நூல் நட்டநடுவில் மாட்டிக்கொள்ளும். வெட்டவும் முடியாது, அடிப்பக்கமாகத் தாவினால் தாவின கோடு காட்டிக்கொடுத்துவிடும்.

இதைப் பார்த்ததும் எனக்கு அம்மாவின் சிக்குக் கோலம்தான் நினைவுக்கு வந்தது. புள்ளிகளைச் சுற்றி வளைந்து வளைந்து ஓடி, கிளம்பிய இடத்துக்கே வந்து சேரும் கம்பி. அம்மா ஒருநாளும் தாளில் போட்டுப் பார்த்ததில்லை. வாசலில் குனியும்போதே வழி தெரிந்திருக்கும். அந்தக் கோலங்களுக்குள் இருக்கும் இலக்கணத்தை, சென்னை கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் அவரோடு இருந்தவர்களும் 1970களிலேயே கணினி அறிவியல் ஆராய்ச்சியாகச் செய்தார்கள். அம்மாவிடம் சொன்னேன். “அப்படியா, சரி, சாப்பிட்டியா?” என்றார்.

என் அறைத்தோழி திருநெல்வேலிக்காரி. பக்கத்துத் தொழில்நுட்பப் பூங்காவில் சாஃப்ட்வேர் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கிராஃப் தாளில் நான் போட்டிருந்த அம்புக்குறிகளைப் பார்த்துவிட்டு, “ஏய், இது ஆய்லர்டி!” என்று கத்தினாள். 1736இல் ஆய்லர் என்ற கணித மேதை, கோனிக்ஸ்பெர்க் நகரத்தின் ஏழு பாலங்களையும் ஒவ்வொன்றை ஒரே ஒரு முறை மட்டும் கடந்து சுற்றிவர முடியாது என்று நிரூபித்தாராம். ஓர் இடத்தில் வந்து சேரும் பாதைகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால், உள்ளே வந்தவன் ஒருகட்டத்தில் வெளியேற வழியில்லாமல் நின்றுவிடுவான். “ஆனா நீ ஒவ்வொரு கோட்டுலயும் ரெண்டு தடவ போறல்ல? அப்போ எல்லா இடத்துலயும் ரெட்டைப்படைதான். கோடெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருந்தா போதும், எந்த டிசைனா இருந்தாலும் கிளம்புன இடத்துக்குத் திரும்பிரலாம்.”

நான் ஊசியைக் கீழே வைத்துவிட்டேன். தார்வாட் பாட்டிமார்கள் ஆய்லரைப் படித்தவர்கள் இல்லை. ஆனால் அடி மாறாமல் போய்த் திரும்பினால் நூல் வீட்டுக்கு வந்துவிடும் என்று அவர்கள் கைக்குத் தெரிந்திருக்கிறது. இதே தையல் ஐரோப்பாவிலும் உண்டு. எட்டாம் ஹென்றியின் அரசவை ஓவியர் ஹான்ஸ் ஹோல்பைன் வரைந்த சீமான், சீமாட்டிகளின் சட்டைக் கழுத்துகளிலும் கைகளிலும் கறுப்பு நூலில் இருப்பது இதுதான். அங்கே அதற்கு ஹோல்பைன் தையல் என்றே பெயர். வரைந்தவர் பெயர் நிலைத்தது, தைத்தவள் பெயர் இல்லை. புதிதா என்ன?

நம் பக்கத்திலும் எண்ணித் தைப்பவர்கள் இருக்கிறார்கள். நீலகிரியின் தோடர் பெண்கள் முரட்டு வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக இழை எண்ணித் தைக்கிறார்கள். அவர்கள் போர்த்திக்கொள்ளும் புட்குளி தூரத்திலிருந்து பார்த்தால் தறியில் நெய்தது என்றே தோன்றும். 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அவர்களுக்கும் வரைபடம் எதுவும் இல்லை.

போன பருவத்தில், வசிக்கும் இடத்திலிருந்து ஒரு உருவம் எடுத்துத் தைக்கச் சொன்னார்கள். தொம்மலூரில் என்ன இருக்கிறது, மேம்பாலமும் பேருந்து நிலையமும்தானே என்றாள் வகுப்பில் ஒருத்தி. சொக்கநாதசுவாமி கோயில் இருக்கிறது. சோழர் காலத்தது என்கிறார்கள். அதில் தமிழ்க் கல்வெட்டுகள் உண்டு; இந்த ஊருக்குத் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் ஒரு பெயர் இருந்ததை அவைதான் சொல்கின்றன. அந்தப் பெயரையே தைக்கலாம் என்று ஆசைப்பட்டேன். கசூதிக்கு வளைவு தெரியாது. நேராகப் போகும், சாய்வாகப் போகும், அவ்வளவுதான். என் ‘ணி’ படிக்கட்டில் உருண்டு விழுந்த சேவற்கொண்டை மாதிரி வந்தது. எழுத்தை விட்டுவிட்டுக் கோபுரத்துக்கே வந்தேன்.

சாம்பல் நிற மேட்டித் துணி, முனை மழுங்கிய ஊசி, அரக்கு நிற நூல். ஒரு சிட்டத்தில் எட்டு மீட்டர், ஆறு புரி. இரண்டு புரியாகப் பிரித்துக்கொண்டேன். கூர் ஊசி இழையைக் குத்திக் கிழித்துவிடும். மழுங்கல் ஊசி இழைகளுக்கு இடையில் நழுவும். மூன்றாம் நிலையில் இருபத்து மூன்றாவது தையலில், “இட்லி ஆறுது, வா!” என்று குரல் வந்தது. வந்து உட்கார்ந்தபோது இருபத்து மூன்றா இருபத்து நான்கா என்று சந்தேகம். கண்ணை நம்பித் தொடர்ந்தேன். கலசம்வரை ஏறி, மறுபக்கம் இறங்கி, சேர வேண்டிய இடத்துக்கு வந்தால் நான்கு இழை இடைவெளி. கசூதி பிழையை அப்போதைக்கப்போது சொல்லாது, கடைசியில்தான் சொல்லும். மூன்று காலை வேலையைப் பிரித்தேன்.

மதிப்பீட்டு நாளில் வெளியிலிருந்து வந்திருந்த ஒருவர் துணியைக் கையில் எடுத்துப் பார்த்தார். சிரித்தார். தாளில், ‘மிகவும் பொறுமையான வேலை’ என்று எழுதினார். பின்பக்கம் திருப்பவே இல்லை.

கடையில் கசூதி என்று சொல்லி ஒரு புடவையைக் காட்டினால் நீங்களாவது திருப்பிப் பாருங்கள். எம்பிராய்டரி மெஷினுக்கு இரண்டு நூல் வேண்டும்: மேலே ஒன்று, அடியில் பாபினில் ஒன்று. இரண்டும் துணிக்குள் கோத்துக்கொள்ளும். அதனால் மெஷின் போட்டதன் அடிப்பக்கத்தில் பாபின் நூல்தான் ஓடும், பெரும்பாலும் வேறு நிறத்தில். ஒரே நூல் போய்த் திரும்பிய கவந்தியில் பின்பக்கம் என்று ஒன்று இருக்காது. மெந்தெயும் நெய்கெயும் அப்படி இல்லை, அவற்றுக்கு அடிப்பக்கம் வேறுதான். அதை வைத்துக் கடைக்காரரோடு சண்டைக்குப் போய்விடாதீர்கள். மெஷின் வேலை மோசம் என்று சொல்லவில்லை. கைவேலை என்று சொல்லிக் கைவேலை விலை வாங்குவதுதான் மோசம்.

இப்போது நடை ஜன்னலடியில் ஒரு தேர் போய்க்கொண்டிருக்கிறது. சக்கரம் மட்டும் முப்பத்தாறு கோடு. என்னை மாதிரி யாராவது துணியும் கையுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் முதலில் உதட்டைக் கவனியுங்கள். அசைந்துகொண்டிருந்தால் எண்ணிக்கொண்டிருக்கிறாள். இட்லி ஆறினாலும் பரவாயில்லை, முடித்துவிட்டு அவளே வருவாள்.