'சைடர்'னா பழச்சாறா, கள்ளா, காடியா? பாலக்கரை முதல் பிரிஸ்டல் வரை ஒரு குழப்பம்

ஞாயிற்றுக்கிழமை மதியம். திருச்சி பாலக்கரையில் ஒரு வீட்டில் வீடியோ கால் ஓடிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மகன் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் முதுகலை படிக்கிறான்.

"ஃப்ரெண்ட்ஸோட வெளிய வந்திருக்கேம்மா. சைடர் குடிச்சிட்டிருக்கோம்" என்கிறான்.

"நல்லதுப்பா. அப்பாவும் தினம் காலையில அதைத்தான் தண்ணியில கலந்து குடிக்கிறாரு. சுகருக்கு நல்லதாம்ல?" என்கிறார் அம்மா. மகன் சிரிப்பை அடக்கிக்கொண்டு பேச்சை மாற்றுகிறான்.

அம்மா சொன்னது மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஆப்பிள் சைடர் வினிகர். மகன் கையில் இருப்பது, பல பீர்களைவிட போதை கூடிய மது. இதே வீட்டுச் சொந்தக்காரர் ஒருவர் அமெரிக்காவில் இருந்தால், அவர் தன் குழந்தைக்கு வாங்கிக் கொடுக்கும் 'சைடர்' வெறும் ஆப்பிள் சாறு. சொல் ஒன்று, பானம் மூன்று.

சிரிப்போடு முடிந்தால் பரவாயில்லை. ஆனால் மதுவே தொடாதவர்கள், மாத்திரை சாப்பிடுபவர்கள், கர்ப்பிணிகள், வண்டி ஓட்ட வேண்டியவர்கள் "ஆப்பிள் ஜூஸ்தானே" என்று நினைத்து ஒரு டம்ளர் குடித்துவிட்டால் அது சிக்கல்தான். படிக்கவோ வேலைக்கோ வெளிநாடு போகும் இளைஞர்கள் இந்தச் சொல்லைத் தெளிவாகப் புரிந்துகொள்வது நல்லது.

பதநீர், கள், காடி

சைடரைப் புரிந்துகொள்ள நமக்கு இங்கிலாந்து வரை போக வேண்டியதில்லை. பனைமரம் போதும்.

பானையின் உட்புறம் சுண்ணாம்பு தடவிப் பாளையில் கட்டினால் கிடைப்பது பதநீர். சுண்ணாம்பு, சாறு புளிக்காமல் தடுக்கிறது. சுண்ணாம்பு தடவாமல் விட்டால், காற்றிலும் பானையிலும் இருக்கும் ஈஸ்ட் நுண்ணுயிர்கள் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக மாற்றும். சில மணி நேரத்திலேயே அது கள். அதையும் அப்படியே திறந்து வைத்தால், வேறு பாக்டீரியா வந்து ஆல்கஹாலை அசிட்டிக் அமிலமாக மாற்றிவிடும். அதுதான் காடி. கேரளத்திலும் கோவாவிலும் இலங்கையிலும் தென்னங்கள்ளில் இருந்து இப்படித்தான் வினிகர் எடுக்கிறார்கள்.

ஆப்பிளுக்கும் அதே வரிசைதான். பிழிந்த சாறு பதநீர் மாதிரி. புளித்தது கள் மாதிரி. அதுதான் இங்கிலாந்து சைடர். அதுவும் புளித்துக் காடியானால் ஆப்பிள் சைடர் வினிகர். அமெரிக்காவில் வடிகட்டாத கலங்கலான சாற்றையே சைடர் என்கிறார்கள்; மது கலந்த வகைக்கு அங்கே 'ஹார்டு சைடர்' என்று பெயர்.

ஆக, எந்த ஊரில் இருக்கிறோம் என்பதைப் பொறுத்து அர்த்தம் மாறும். பிரிட்டனில் யாராவது 'சைடர்' என்றால், அது மதுதான்.

எல்லா ஆப்பிளும் சைடர் ஆகாது

இங்கிலாந்தின் தென்மேற்கிலும் வேல்ஸ் எல்லையை ஒட்டியும் உள்ள சாமர்செட், டெவன், ஹெரிஃபோர்ட்ஷயர், க்ளஸ்டர்ஷயர் பகுதிகள்தான் சைடரின் தாய்வீடு. அங்கே இதற்கென்றே தனி ஆப்பிள் வகைகளை வளர்க்கிறார்கள். கிங்ஸ்டன் பிளாக், டாபினெட், யார்லிங்டன் மில், ஃபாக்ஸ்வெல்ப் என்று பெயர்களே தனி ரகம். இவற்றில் பலவற்றை அப்படியே கடித்தால் வாய் துவர்த்துவிடும். அந்தத் துவர்ப்புதான் சைடருக்கு உடம்பு கொடுக்கிறது.

பிரிஸ்டலுக்குப் பக்கத்தில் இருந்த லாங் ஆஷ்டன் ஆய்வு நிலையம் 1903-ல் தொடங்கப்பட்டது. புளிப்பையும் துவர்ப்பையும் அளந்து சைடர் ஆப்பிள்களை இனிப்பு, புளிப்பு, துவர் இனிப்பு, துவர் புளிப்பு என நான்காகப் பிரித்தது அங்கேதான். இன்றும் அந்தப் பிரிவுதான் புழக்கத்தில் இருக்கிறது.

செய்முறை எளிமையானது, பொறுமைதான் வேண்டும். இலையுதிர் காலத்தில் பழங்களைப் பொறுக்கி, நசுக்கிக் கூழாக்குவார்கள். கூழைத் துணியிலோ வைக்கோலிலோ அடுக்கடுக்காகக் கட்டி, அழுத்திப் பிழிவார்கள். பாரம்பரிய முறையில் தனியாக ஈஸ்ட் சேர்ப்பதில்லை. பழத்திலும் மரப்பீப்பாயிலும் இருப்பதே போதும். குளிர்காலம் முழுக்க மெதுவாகப் புளித்து, அடுத்த வசந்தத்தில் குடிக்கத் தயாராகும். கள் காலையில் இறக்கி மாலையில் புளிக்கிறது; சைடருக்கு மாதக்கணக்கு. வித்தியாசம் வெயிலில் இருக்கிறது.

ஒரு காலத்தில் பண்ணைக் கூலிகளுக்குச் சம்பளத்தில் ஒரு பகுதியே சைடராகக் கொடுக்கப்பட்டது. கூலியைக் காசாகத்தான் தர வேண்டும், மதுவாகத் தரக்கூடாது என்று 1887-ல் திருத்தப்பட்ட ட்ரக் சட்டம் அதற்குத் தடை போட்டது.

ஜனவரி 17-ம் தேதி, நம் பொங்கலை ஒட்டி, சாமர்செட் ஊர்களில் 'வாசெயில்' என்ற சடங்கு நடக்கும். தோப்பில் உள்ள மூத்த ஆப்பிள் மரத்தின் வேரில் சைடரை ஊற்றி, சைடரில் நனைத்த ரொட்டியைக் கிளையில் செருகி, பாத்திரங்களைத் தட்டி ஓசை எழுப்புவார்கள். வரும் ஆண்டு விளைச்சல் நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் வேண்டுதல்.

பப்பில் எதைப் பார்க்க வேண்டும்?

சூப்பர் மார்க்கெட் கேனில் வருவதெல்லாம் இந்தப் பாரம்பரிய சைடர் அல்ல. பிரிட்டனில் 2010 முதல் உள்ள விதிப்படி, சைடர் என்று விற்க 35 சதவீதம் சாறு இருந்தாலே போதும். மீதி தண்ணீரும் சர்க்கரையுமாக இருக்கலாம். முழுச் சாற்றில் செய்ததா என்பதை லேபிளில் பார்க்க வேண்டும்.

பாரம்பரிய வகை பெரும்பாலும் பொங்காது, 'ஸ்டில்' என்பார்கள். கொஞ்சம் கலங்கலாக இருக்கும். 'டிரை' என்றால் இனிப்பே இருக்காது, 'மீடியம்' நடுத்தரம், 'ஸ்வீட்' இனிப்பு. முதல் முறை சுவைப்பவர்களுக்கு டிரை சைடர் புளித்துத் துவர்க்கும். ஐஸ் போட்டுக் குடிப்பது 2000-களின் நடுவில் ஓர் அயர்லாந்து பிராண்டு விளம்பரத்தால் பரவிய பழக்கம். பண்ணைக்காரர்கள் நிலவறைக் குளிர்ச்சியிலேயே குடிப்பார்கள். சாமர்செட்டிலேயே பிறந்த செடார் சீஸும் ரொட்டியும் ஊறுகாயும் அதற்குப் பொருத்தமான துணை.

பார்லி இல்லாததால் பீர் ஒத்துக்கொள்ளாத சிலர் சைடருக்கு மாறுவதுண்டு. ஆனால் சைவம் பார்ப்பவர்கள் கவனிக்க: தெளிவாக்குவதற்குச் சில தயாரிப்பாளர்கள் விலங்குகளிலிருந்து எடுக்கும் ஜெலட்டினைப் பயன்படுத்துகிறார்கள். லேபிளில் 'வீகன்' என்று இருந்தால் பிரச்சினை இல்லை.

"ஜூஸ் மாதிரிதான் இருக்கு" என்பதுதான் ஆபத்து

பண்ணை சைடரில் ஆல்கஹால் 6 சதவீதம், அதற்கு மேலும் சாதாரணம். பழவாசனையும் இனிப்பும் அதை மறைத்துவிடும்.

கணக்கு இதோ. பிரிட்டனில் 10 மி.லி. சுத்த ஆல்கஹால் ஒரு 'யூனிட்'. ஒரு பைண்ட் 568 மி.லி. 6 சதவீத சைடர் ஒரு பைண்ட் குடித்தால் 3.4 யூனிட். வாரத்துக்கு 14 யூனிட்டைத் தாண்ட வேண்டாம் என்பது அந்நாட்டு மருத்துவ வழிகாட்டுதல். நாலு பைண்ட் குடித்தால் ஒரு வாரக் கணக்கு கிட்டத்தட்ட முடிந்தது.

விடுமுறைக்கு ஊருக்கு வந்து வண்டி எடுப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். இந்திய மோட்டார் வாகனச் சட்டப்படி 100 மி.லி. ரத்தத்தில் ஆல்கஹால் 30 மி.கிராமைத் தாண்டினால் குற்றம். ஸ்காட்லாந்தில் இந்த வரம்பு 50 மி.கிராம். 'அங்க ஓகேன்னா இங்கயும் ஓகே' என்ற கணக்கு எடுபடாது.

பாலக்கரை வீட்டில் போட்டுப் பார்க்கலாமா?

யூடியூபைப் பார்த்துவிட்டுப் பலருக்கு இந்த ஆசை வரும். பக்கத்திலேயே காந்தி மார்க்கெட், ஆப்பிளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கூடாது. மூன்று காரணங்கள்.

முதலாவது, சட்டம். பிரிட்டனில் விற்பனைக்கு இல்லாமல் சொந்தத்துக்கு வீட்டில் சைடர் போடலாம். தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது 1937-ம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். அளவு சின்னதாக இருந்தாலும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்த பிறகு, தண்டனைகள் இன்னும் கடுமையாக்கப்பட்டன.

இரண்டாவது, வெயில். குளிரில் மாதக்கணக்கில் புளிக்க வேண்டியது திருச்சி சூட்டில் வேகமாகப் பொங்கிக் கெட்டுவிடும். இறுக மூடிய கண்ணாடி பாட்டில் வெடிக்கவும் செய்யும்.

மூன்றாவது, பழம். இங்கே வரும் காஷ்மீர், இமாச்சல் ஆப்பிள்கள் சாப்பிடுவதற்கானவை. துவர்ப்பு குறைவு என்பதால், சுவையும் சப்பென்றுதான் இருக்கும்.

இங்கே ஒரு கேள்வி எழுவது இயல்பு. ஆண்டுக்கு 7,000 லிட்டருக்குள் தயாரிக்கும் சிறு சைடர் தயாரிப்பாளர்களுக்கு பிரிட்டன் 1976-ல் தீர்வை விலக்கு தந்தது. பழைய பண்ணைகள் பல பிழைத்ததில் அதற்குப் பங்குண்டு. தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை. பக்கத்துக் கேரளத்தில் உரிமம் பெற்ற கள்ளுக்கடைகள் உண்டு. தடையை நீக்கச் சொல்லி விவசாயிகள் நீண்ட காலமாகக் கேட்கிறார்கள். கலப்படமும் குடிப்பழக்கமும் பெருகும் என்பது எதிர்த்தரப்பு வாதம். ஈஸ்ட் செய்யும் வேலை இரண்டிலும் ஒன்றுதான். ஒரு மண்ணில் பாரம்பரியமாகவும் இன்னொரு மண்ணில் வழக்காகவும் அதை மாற்றுவது சட்டம்.

அப்போ ஊரில் என்ன வழி?

பிரிட்டனில் இருந்து ஒரு பாட்டில் கொண்டுவருபவர்களுக்கு: வயது வந்த பயணி ஒருவர் 2 லிட்டர் வரை மதுவைச் சுங்கத் தீர்வை இல்லாமல் கொண்டுவரலாம். தமிழ்நாட்டில் மது வாங்கவும் அருந்தவும் குறைந்தபட்ச வயது 21 என்பதையும் மறக்க வேண்டாம்.

மது வேண்டாம், அந்த ருசி மட்டும் போதும் என்பவர்களுக்கு அமெரிக்க பாணி இருக்கிறது. ஆப்பிள் சாற்றில் ஒரு துண்டு பட்டை, இரண்டு கிராம்பு, கொஞ்சம் சுக்கு போட்டு மிதமான தீயில் சூடாக்கி, வடிகட்டி அன்றே குடித்துவிடலாம். மார்கழிக் காலையில் வீட்டில் எல்லோரும் சேர்ந்து குடிக்கிற பானம் இது. கோடையில் நல்ல பதநீர் கிடைத்தால் அதற்கு ஈடு வேறில்லை.

அப்பா குடிக்கும் வினிகரையும் ஒரு வரி பார்த்துவிடலாம். அது சர்க்கரை மாத்திரைக்கு மாற்று அல்ல. தண்ணீர் கலக்காமல் குடித்தால் பல் எனாமலை அரிக்கும். மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் குடிப்பதே சரி.

மதுவில் 'பாதுகாப்பான அளவு' என்று எதுவும் இல்லை என உலக சுகாதார அமைப்பு 2023-ல் சொன்னது. ஆப்பிளில் செய்ததற்கும் அது பொருந்தும். குடிப்பதா வேண்டாமா என்பது அவரவர் முடிவு. ஆனால் என்ன குடிக்கிறோம் என்று தெரிந்து முடிவெடுக்க வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா திரும்பக் கேட்டால், பேச்சை மாற்றாமல் மகன் சொல்லிவிடலாம்: "அது அப்பா குடிக்கிறது இல்லம்மா. நம்ம ஊரு கள்ளு மாதிரி, ஆப்பிள்ல."