பின்வாசல் கால்வாயும் ஆறுதான்: வீட்டுத் தோட்டத்துப் பூச்சிகளை விரட்ட, தண்ணீரைக் கெடுக்காத வழிகள்

தாமான் வீடானாலும் தோட்டத்து லயமானாலும் நம்மவர் வீட்டு வாசலில் ஒரு கறிவேப்பிலைச் செடியாவது நிற்கும். கொஞ்சம் இடம் கிடைத்துவிட்டால் சிலி பாடி, வெண்டை, கத்தரி, பந்தலில் பாகற்காய் என்று பெருகிவிடும். காய்கறி விலை ஏறி நிற்கும் இந்நாளில் அது வீட்டுக்குப் பெரிய உதவி.

ஆனால், அந்தச் செடிகளில் பூச்சி விழுந்ததும் நம்மில் பலர் முதலில் தேடுவது மருந்துப் புட்டியைத்தான். பிற்பகல் 3 மணிக்கு அடித்த மருந்தை 4 மணி மழை கழுவிக்கொண்டு போய்க் கால்வாயில் சேர்க்கிறது. அதன் பிறகு அது எங்கே போகிறது?

கால்வாய்த் தண்ணீர் போகும் இடம்

கழிவறைத் தண்ணீருக்குத் தனிக் குழாய் உண்டு. அது சுத்திகரிப்பு நிலையத்துக்கோ கழிவுத் தொட்டிக்கோ போகிறது. 'லொங்காங்' என்று நாம் சொல்லும் மழைநீர்க் கால்வாய் அப்படியில்லை. வீட்டுக் கால்வாய் பெரிய கால்வாயிலும், பெரிய கால்வாய் ஓடையிலும், ஓடை ஆற்றிலும் நேராகக் கலக்கின்றன. கோலாலம்பூர் வீடுகளின் கால்வாய்த் தண்ணீர் சுங்கை கோம்பாக், சுங்கை கிள்ளான் போன்ற ஆறுகளுக்குத்தான் போய்ச் சேருகிறது. இடையில் அதைச் சுத்தப்படுத்த எதுவும் இல்லை.

ஒரு சின்னக் கணக்கு. 20 சதுர மீட்டர் அளவுள்ள வீட்டுத் தோட்டத்தில் ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால், விழும் தண்ணீர் 1,000 லிட்டர். நம் ஊரில் அப்படிப்பட்ட மழை அபூர்வமல்ல. இலையில் ஒட்டியிருக்கும் மருந்தையும் மண்ணில் தூவிய உரத்தையும் அடித்துச் செல்ல அது தாராளமாகப் போதும்.

நாம் குடிக்கும் குழாய் நீரில் பெரும்பகுதி ஆறுகளிலிருந்தே எடுக்கப்படுகிறது. 2020 செப்டம்பரில் சுங்கை சிலாங்கூர் மாசடைந்து நீர் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டபோது, கிள்ளான் பள்ளத்தாக்கு மக்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் லோரிக்காகக் காத்திருந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. அது தொழிற்சாலைக் கழிவால் வந்த வினை. வீட்டுத் தோட்டத்தால் வந்ததல்ல. ஆனாலும் ஆறு கெட்டால் நம் வீட்டுக் குழாயும் நின்றுபோகும் என்பதை அது காட்டிவிட்டது. சேற்றை வண்டலாகப் படியவைத்து, மணலில் வடிகட்டி, குளோரின் சேர்க்கும் வழக்கமான சுத்திகரிப்பு முறை, கலங்கலையும் கிருமிகளையும் நீக்குவதற்காக அமைந்தது. கரைந்து வரும் பூச்சிமருந்தை அது முழுமையாக நீக்கிவிடும் என்று நம்பியிருக்க முடியாது.

மனிதருக்குச் 'சாது', மீனுக்கு எமன்

கடைகளில் கிடைக்கும் பூச்சிமருந்துகளில் சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின், பெர்மெத்ரின் என்ற பெயர்களைப் பார்க்கலாம். இவை 'பைரித்ராய்டு' வகை. மனிதருக்கு ஒப்பளவில் நச்சு குறைவு என்பதால் வீட்டுப் பயன்பாட்டிற்கும் விற்கப்படுகின்றன. ஆனால் மீன், இறால், தும்பியின் குஞ்சு போன்ற நீர்வாழ் உயிர்களுக்கு இவை மிகச் சிறிய அளவிலேயே கொடிய விஷம். சேற்றில் ஒட்டிக்கொண்டு, அங்கே வாழும் புழு பூச்சிகளையும் கொல்லும். அவை போனால் அவற்றைத் தின்று வாழும் மீனுக்கும் இரை இல்லை.

புல் மருந்தான கிளைபோசேட் மண்ணில் பிடித்துக்கொள்ளும் தன்மையுடையது. எனினும், மழையில் மண் கரைந்து ஓடும்போது அதுவும் சேர்ந்து ஓடும். இலையில் ஒட்டுவதற்காகச் சில புல் மருந்துகளில் கலக்கப்படும் சோப்புப் போன்ற பொருள், தவளைக் குஞ்சுகளுக்கும் மீன்களுக்கும் கிளைபோசேட்டை விடவும் கெடுதலானது.

தோட்டப்புறம் கற்றுத் தந்த பாடம்

மருந்தின் வலி நம் சமூகத்துக்குப் புதிதல்ல. முதுகில் பம்பைச் சுமந்து, ரப்பர், செம்பனை நிரைகளில் புல் மருந்து அடித்தவர்களில் பலர் நம் பெண்கள். அவர்களின் நிலையைத் தெனாகானித்தா அமைப்பும் ஆசிய பசிபிக் பூச்சிமருந்து நடவடிக்கை அமைப்பும் ஆராய்ந்து 2002-ஆம் ஆண்டு அறிக்கையாக வெளியிட்டன. தோட்டங்களில் அதிகம் பேசப்பட்ட பாராகுவாட் மருந்துக்கு முறிவு மருந்தே கிடையாது. ஒரு மடக்கு உள்ளே போனாலே உயிரைப் பறித்துவிடும். நீண்ட இழுபறிக்குப் பிறகு 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் அதற்கு முழுத் தடை நடப்பிலுள்ளது.

தோட்டத்தை விட்டு நகருக்கு வந்தபோது, சில வீடுகளுக்கு அந்தப் பழக்கமும் கூடவே வந்துவிட்டது. 'புல்லா, மருந்தடி, பூச்சியா, மருந்தடி' என்பதே அந்தப் பழக்கம். ஆயிரக்கணக்கான ஏக்கருக்கு வகுத்த வழி, நான்கு வரிசை வெண்டைக்குத் தேவையில்லை. பழைய பாராகுவாட் புட்டி இன்னும் ஸ்டோரில் கிடந்தால் அதைத் திறக்கவும் வேண்டாம், கால்வாயில் ஊற்றவும் வேண்டாம். பூட்டி வைத்துவிட்டு, எப்படி ஒப்படைப்பது என்று வட்டார விவசாய அலுவலகத்தில் கேளுங்கள்.

எது பூச்சி, எது காவலாளி?

மருந்தெடுக்கும் முன் இலையைத் திருப்பிப் பாருங்கள். தோட்டத்தில் காணும் பூச்சிகளில் பெரும்பாலானவை செடிக்குக் கெடுதல் செய்வதில்லை. பொறிவண்டும் அதன் குஞ்சும் அசுவினியைத் தின்னும். சிலந்தி, தும்பி, கும்பிடுபூச்சி, தவளை, ஓணான், முராய் குருவி எல்லாமே நமக்குச் சம்பளம் இல்லாத வேலையாட்கள். விஷம் அடித்தால் முதலில் சாவது பெரும்பாலும் இவைதான். கெட்ட பூச்சி வேகமாகப் பெருகித் திரும்பிவிடும். காவலாளி மெதுவாகத்தான் வருவான். அதனால்தான் ஒருமுறை மருந்தடித்தவர் அடிக்கடி அடிக்க வேண்டியதாகிறது.

இதைப் பெரிய தோட்டங்களே உணர்ந்திருக்கின்றன. செம்பனை நிரைகளில் எலியைப் பிடிக்க ஆந்தைக்குக் கூண்டு கட்டி வைத்திருப்பதைத் தோட்ட மக்கள் அறிவார்கள். சாலையோரத்தில் காலையில் மலரும் 'பூங்கா புக்கூல் லாப்பான்' செடியும் அழகுக்கு மட்டும் நட்டதல்ல. செம்பனை ஓலையைத் தின்னும் கூட்டுப்புழுவை அழிக்கும் குளவிகளுக்கு அதன் பூந்தேன் உணவு. அதே செடியை நம் வேலியோரத்திலும் நடலாம். குச்சியை ஒடித்து வைத்தாலே பிடித்துக்கொள்ளும்.

செடி வாரியாகக் கைவைத்தியம்

மிளகாய்: இலை சுருண்டால் இலைப்பேனும் சிலந்திப்பேனும் காரணமாக இருக்கலாம். நுனியைக் கிள்ளி எறிந்து, இலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். மஞ்சள் பட்டையும் சுருளும் சேர்ந்து செடி குட்டையாகிவிட்டால், அது வெள்ளை ஈ பரப்பிய வைரஸாக இருக்கக்கூடும். எந்த மருந்துக்கும் அது கேட்காது. செடியைப் பிடுங்கி, பிளாஸ்டிக் பையில் கட்டிக் குப்பையில் போடுவதே மற்றச் செடிகளைக் காக்கும் வழி. மஞ்சள் நிறப் பலகையில் கிரீஸ் தடவித் தொங்கவிட்டால் வெள்ளை ஈக்கள் அதில் ஒட்டிக்கொள்ளும்.

வெண்டை, கத்தரி: அசுவினிக்கும் மாவுப்பூச்சிக்கும் சோப்புத் தண்ணீர் போதும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவச் சோப்பு. முதலில் ஓர் இலையில் அடித்து, மறுநாள் கருகவில்லை என்று கண்ட பிறகு, வெயில் தாழ்ந்ததும் பூச்சியின் மேலேயே படும்படி அடியுங்கள். தண்டில் எறும்பு ஊர்ந்தால் அதையும் கவனியுங்கள். அசுவினி விடும் தேன்பாகுக்காக எறும்பே அதைக் காவல் காக்கும். கத்தரித் தண்டு வாடித் தொங்கினால் உள்ளே துளைப்பான் புழு இருக்கும். வாடிய பகுதிக்குச் சற்றுக் கீழே வெட்டி அப்புறப்படுத்துங்கள்.

பாகல், புடலை, பீர்க்கு: பழ ஈ முட்டையிட்டு விட்டால் பிறகு மருந்தடித்துப் பயனில்லை, புழு காய்க்குள் இருக்கும். பிஞ்சு விரல் நீளம் வந்ததும் காகிதப் பையால் சுற்றிக் கட்டுவதே நல்ல வழி. நம் நாட்டுப் பெலிம்பிங் தோட்டங்களில் பழத்தைக் காகிதத்தில் பொதிவதும் இதற்காகத்தான். விழுந்த காய்களை மண்ணில் கிடக்க விடாதீர்கள். அங்கிருந்துதான் அடுத்த தலைமுறை ஈ கிளம்பும்.

கறிவேப்பிலை: இலையை மொட்டையடிக்கும் பச்சைப் புழு, வண்ணத்துப்பூச்சியின் குஞ்சு. ஒரு செடியில் நான்கைந்து இருக்கும்; கையால் எடுத்துவிடலாம். நேராகச் சமையலுக்குப் போகும் இலையில் விஷம் அடிப்பதைப் போல் விபரீதம் வேறில்லை.

கங்கோங், கீரை: நத்தை இரவில்தான் மேயும். கைவிளக்கோடு போய்ப் பொறுக்குங்கள். கையுறை கட்டாயம், நத்தையில் மனித மூளையைத் தாக்கும் ஒட்டுண்ணிப் புழு இருக்கலாம். கீரையையும் நன்றாகக் கழுவியே சமையுங்கள்.

புழு கட்டுக்கடங்காமல் போனால், 'பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ்' என்ற பாக்டீரியாவில் செய்த மருந்து கடைகளில் உண்டு. இலையைத் தின்னும் புழுவைத்தான் அது கொல்லும். மீனுக்கும் தேனீக்கும் ஆபத்து மிகக் குறைவு.

'இயற்கை' என்றால் ஆபத்தில்லை என்றில்லை

வேப்பெண்ணெய் நல்ல மருந்து. ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லிலிட்டர் எண்ணெயும் சில சொட்டுச் சோப்பும் கலந்து அடிக்கலாம். ஆனால் அதுவும் அளவு மீறி ஓடையில் கலந்தால் மீனுக்குக் கேடு. சோப்புத் தண்ணீரும் அப்படித்தான். தேவையான அளவே கலக்கி, மிச்சத்தைச் செடிகளின் மேலேயே தீர்த்துவிடுங்கள்.

பெரியவர்கள் சொல்லும் புகையிலைத் தண்ணீர் வேண்டாம். அதிலுள்ள நிகோட்டின் கடும் விஷம், தோல் வழியாகவும் உடம்பில் ஏறும். மிளகாய், தக்காளிச் செடிகளுக்குப் புகையிலையிலிருந்து வைரஸ் நோயும் தொற்றலாம். கரையானுக்கு மோட்டார் சைக்கிளின் கறுப்பு எண்ணெயை ஊற்றுவது, புல்லுக்கு உப்பைக் கொட்டுவது, கால்வாயில் மண்ணெண்ணெய் விடுவது ஆகியவையும் மண்ணையும் நீரையும் கெடுக்கும் வேலைகளே.

புல்லும் உரமும்

கால்வாய் விளிம்பு வரை புல்லை மருந்தடித்துக் கருக்குவதைப் பல இடங்களில் காண்கிறோம். ஆனால் ஓர் அடி அகலப் புல் கரையில் நின்றால், ஓடிவரும் மண்ணையும் உரத்தையும் அது தடுத்து நிறுத்தும். அதை வெட்டலாம், கருக்க வேண்டாம். பாத்திகளில் காய்ந்த இலையையோ வெட்டிய புல்லையோ மூடாக்காகப் போட்டால் களை முளைப்பது குறையும், மழையில் மண்ணும் கரையாது. வெட்டிய புல்லைக் கால்வாயில் தள்ளினால் அங்கே அடைத்துக்கொள்ளும். அழுகும்போது தண்ணீரிலுள்ள பிராணவாயுவை உறிஞ்சிக்கொள்ளும்.

உரமும் அதுபோலத்தான். கூடுதலாகப் போட்ட உரம் ஆற்றில் பாசியை வளர்க்கும். செடிக்குத் தழைச்சத்து அதிகமானால் இலை மென்மையாகி, அசுவினியை அழைத்துவரும். ஒரு பிடியாகப் போடுவதைவிட, சிறிது சிறிதாக, மழையில்லாத நேரத்தில், மண்ணைக் கிளறி மூடிப் போடுங்கள். சமையலறைக் காய்கறிக் கழிவும் காய்ந்த இலையும் சேர்த்து மக்கவைத்த உரம் பாதித் தேவையைத் தீர்த்துவிடும்.

வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால்

எல்லா வழியும் பார்த்த பிறகும் மருந்து தேவைப்பட்டால் இவற்றைக் கவனியுங்கள்:

• 1974-ஆம் ஆண்டு பூச்சிமருந்துச் சட்டத்தின்படி பதிவு பெற்ற மருந்துகளை மட்டுமே விற்கலாம். லேபிளில் 'எல்.ஆர்.எம்.பி.' என்று தொடங்கும் பதிவு எண் இருக்க வேண்டும். இணையத்தில் வரும் பெயரில்லாப் புட்டிகளைத் தொடாதீர்கள்.

• லேபிளின் வண்ணப் பட்டை நச்சின் கடுமையைச் சொல்லும். கறுப்பும் சிவப்பும் மிகக் கொடியவை, அடுத்து மஞ்சள், நீலம், வெள்ளை குறைந்தது. இது மனிதருக்கான அளவு மட்டுமே. வெள்ளைப் பட்டை மருந்தும் மீனைக் கொல்லலாம்.

• மழை வரும் அறிகுறி இருந்தாலோ காற்று வீசினாலோ அடிக்காதீர்கள். கால்வாயை ஒட்டிய செடிகளை விட்டுவிடுங்கள்.

• பம்பைக் கழுவிய தண்ணீரைக் கால்வாயிலோ சிங்கிலோ கொட்டாமல், அதே செடிகளின் மேல் தெளித்துவிடுங்கள். காலிப் புட்டியை மும்முறை அலசி, ஓட்டை போட்டு, லேபிள் சொல்லும்படி அப்புறப்படுத்துங்கள். எரிக்காதீர்கள்.

• மருந்தைக் குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைக்கவே கூடாது. தாகத்தோடு ஓடிவரும் பிள்ளைக்கு வித்தியாசம் தெரியாது. தப்பித் தவறி யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், புட்டியையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள்.

கொசுவுக்கு வேறு கணக்கு

டிங்கிப் பயத்தில் கால்வாயில் விஷம் ஊற்றுவோரும் உண்டு. ஏடிஸ் கொசு பெரும்பாலும் விரும்புவது பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், வாளி ஆகியவற்றில் தேங்கும் தெளிந்த நீரை. முட்டை கொசுவாக ஒரு வாரமளவு ஆகும் என்பதால், வாரம் ஒருமுறை அவற்றைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவினால் போதும். கால்வாயில் தண்ணீர் தேங்கினால் அடைப்பை எடுங்கள். ஓடும் நீரில் ஏடிஸ் வளராது.

ஒரே ஒரு வீடு மாறினால் ஆறு தெளிந்துவிடாது என்பது உண்மைதான். ஆனால் ஒரு தாமான் வரிசையில் இருபது வீடுகள் ஒரே கால்வாயைப் பகிர்கின்றன. அடுத்த கோத்தோங் ரோயோங்கில் கால்வாயைச் சுத்தம் செய்யும்போது, பிள்ளைகளையும் கூட்டிப் போய் அதில் என்ன உயிர்கள் இருக்கின்றன என்று பாருங்கள். குட்டி மீனும் தும்பியும் தென்பட்டால் நம் வரிசை வீடுகளின் பழக்கம் பரவாயில்லை. ஒன்றுமே இல்லையென்றால், புட்டிகளை எண்ணிப் பார்க்க வேண்டிய நேரம் அது.