அட்ரியாட்டிக் கடலின் கணக்கு

இத்தாலியின் அங்கோனா துறைமுகத்தில் 1860ஆம் ஆண்டு ஓர் ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்த விட்டோ வோல்ட்டெரா, இரண்டு வயதில் தந்தையை இழந்து, தாயுடன் மாமன் வீட்டின் ஆதரவில் வளர்ந்தவர். பீசா பல்கலைக்கழகத்தில் என்ரிக்கோ பெட்டியிடம் பயின்று 1882இல் முனைவர் பட்டம் பெற்ற அவர், மறு ஆண்டே அங்கு பேராசிரியரானார். பின்னர் தூரின், 1900 முதல் ரோம். ஒரு பொருளின் இன்றைய நிலை அதன் கடந்தகாலம் முழுவதையும் சார்ந்திருக்கும் நிகழ்வுகளை ஆராய்வதற்குத் தொகையீட்டுச் சமன்பாடுகளை, அதாவது கண்டறிய வேண்டிய சார்பு தொகையீட்டுக் குறியின் உள்ளே அமைந்த சமன்பாடுகளை, அவர் வளர்த்தெடுத்தார்.

எனினும் அவர் பெயரைக் கணிதத்திற்கு வெளியே கொண்டுசென்றவை மீன்களே. முதல் உலகப்போரின்போது மீன்பிடிப்பு குறைந்திருந்த அட்ரியாட்டிக் கடலில், பிற மீன்களைத் தின்னும் சுறா போன்றவற்றின் பங்கு உயர்ந்ததை, மீன் சந்தைப் பதிவுகளிலிருந்து உயிரியலாளரும் அவருடைய மருமகனுமான உம்பெர்த்தோ தங்கோனா கண்டறிந்தார். அக்கடலோரத் துறைமுகமான ஃபியூமேயின் சந்தையில் 1914இல் சுமார் 12 விழுக்காடாக இருந்த அப்பங்கு 1918இல் 36 விழுக்காட்டை எட்டியிருந்தது. வலை ஓய்ந்தால் எல்லா மீனும் பெருக வேண்டுமே, வேட்டை மீன் மட்டும் ஏன் ஆதாயம் பெற்றது? இரையும் வேட்டை மீனும் பெருகும், குறையும் வேகங்களை ஒன்றோடொன்று பிணைத்து இரண்டு வகைக்கெழுச் சமன்பாடுகளை 1926இல் எழுதிய வோல்ட்டெரா, இரண்டின் எண்ணிக்கையும் அலையலையாக ஏறி இறங்கும் என்றும், இரண்டையும் ஒருசேரப் பிடிக்கும் மிதமான மீன்பிடிப்பு சராசரியில் இரையைக் கூட்டி வேட்டை மீனைக் குறைக்கும் என்றும், அது நின்றால் நிலைமை தலைகீழாகும் என்றும் காட்டினார். அமெரிக்காவில் ஆல்ஃபிரெட் லோட்கா இவற்றையே தனியாகவும் முன்னதாகவும் எட்டியிருந்ததால், சமன்பாடுகள் இருவர் பெயரையும் தாங்குகின்றன. உண்மைக் கடல் இவ்வளவு எளிதன்று. ஆயினும் சூழலியலில் கணிதம் வேரூன்றியதற்கு இந்த எளிமையும் ஒரு காரணம்.

1905இல் செனட்டராக நியமிக்கப்பட்டு, போரில் 55ஆம் வயதில் தாமே முன்வந்து படையில் சேர்ந்து, வான்கப்பல்களில் எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜனுக்கு மாற்றாக ஹீலியத்தைப் பரிந்துரைத்த இந்த நாட்டுப்பற்றாளரே முசோலினிக்கு வேண்டாதவரானார். 1925இல் தத்துவஞானி பெனெடெட்டோ குரோச்சேயின் பாசிச எதிர்ப்பு அறிக்கையில் கையொப்பமிட்ட அவர், 1931இல் பேராசிரியர்கள் ஆட்சிக்கு விசுவாச உறுதிமொழி எடுக்கவேண்டுமென்ற ஆணையை ஏற்கவில்லை. சுமார் 1,200 பேரில் மறுத்தவர்கள் ஏறத்தாழ ஒரு டஜன் பேரே. பதவி பறிபோனது, தாம் தலைமை வகித்த லின்சே அறிவியற்கழகமும் 1934இல் அவரை நீக்கியது. ஆனால் 1936இல் போப்பாண்டவரின் அறிவியற்கழகம் அவரை உறுப்பினராக்கியது. யூதரை ஒதுக்கும் இனச்சட்டங்கள் 1938இல் வந்தன. 1940 அக்டோபரில் வோல்ட்டெரா ரோமில் காலமானார்.