திக்கிய குரலில் பிறந்த நாதம்

திக்கிப் பேசும் பிள்ளை உங்கள் வீட்டிலும் இருக்கலாம். விருந்தாளிகள் சிரிப்பார்களே என்று அதை வாய் திறக்க விடாத பெற்றோரும் உண்டு.

அமெரிக்க இசையமைப்பாளர் ஆல்வின் லூசியருக்கும் பேச்சு திக்கும். 1969-இல் அவர் ஓர் அறையில் அமர்ந்து சில வரிகள் பேசி, ஒலிநாடாவில் பதிந்தார். அதை அதே அறையில் ஒலிக்கவிட்டு, அவ்வொலியை மீண்டும் பதிந்தார். பதிந்ததை மறுபடியும் ஒலிக்கவிட்டார். இப்படியே பல தடவை!

காலி அறையில் பேசினால் குரல் 'கும்'மென்று கேட்கிறதல்லவா? ஒவ்வோர் அறையும் சில சுருதிகளைத்தான் தூக்கிக் கொடுக்கும், மற்றவை அமுங்கிவிடும். பதியப் பதிய அது பெருகி, சொற்கள் கரைந்து, மணியோசை போன்ற நீண்ட நாதமே மிஞ்சியது. திக்கலும் அதிலே கரைந்தது.

ஆனால் முதல் பதிவிலிருந்த திக்கலை அவர் வெட்டி எறியவில்லை. எனக்குப் பிடித்ததே அதுதான். 2021-இல் அவர் மறைந்தார். சொல்லில் தடுமாறும் அந்தக் குரலை இன்றும் கேட்கலாம்.