தேயிலையின் தரம் காணல்



"இத்தேநீர் எனக்குப் பிடிக்கிறது" என்று சொல்வது விருப்பம்; "இத்தேயிலையின் தரம் இத்தகையது" என்று சொல்வது மதிப்பீடு. இரண்டாவதற்கு நீண்ட பயிற்சி வேண்டும். நீலகிரியிலுள்ள குன்னூரில் 1963 முதல் தேயிலை ஏலம் நடைபெற்று வருகிறது. ஏலத்துக்கு வரும் தூளை முன்னதாகச் சுவைத்துத் தரம் காண்பதற்கென்றே அங்குத் தேர்ந்தவர்கள் இருக்கின்றனர்.

அவர்கள் மேசையில் வெண்பீங்கான் கிண்ணங்கள் வரிசையாக நிற்கும். சாற்றின் நிறம் உள்ளவாறே தெரியவேண்டும் என்பதற்காகவே வெண்மை. 100 மில்லிலிட்டர் கொதிநீருக்கு 2 கிராம் தூள், ஊறும் நேரம் 6 நிமிடம் என்பது 1980-இல் வெளியான அனைத்துலகத் தர விதி. அளவு, நீர், நேரம் மூன்றும் ஒன்றாயிருந்தால்தான், காணும் வேற்றுமை தேயிலையினுடையது என்று துணிந்து கூறலாம்.

முதலில் உலர்ந்த தூளைக் கண்ணால் நோக்குவர். அடுத்து, ஊறிய இலையை மூடியின்மேல் கொட்டி முகர்வர். பிறகு ஒரு கரண்டிச் சாற்றை ஓசையெழ உறிஞ்சி, வாயில் சுழற்றி, உமிழ்ந்துவிடுவர். ஓசை எதற்கு? காற்றுடன் கலந்த சாறு நுண்துளிகளாகிறது. அதன் மணம் தொண்டையின் பின்வழியே மூக்கை எட்டுகிறது. செந்திராட்சை மதுவைச் சோதிப்போரும் இம்முறையையே கையாளுகின்றனர்.

துவர்ப்பை நம் முன்னோர் அறுசுவையுள் ஒன்றாக வைத்தனர். தேயிலையின் துவர்ப்புப் பொருள்கள் உமிழ்நீரின் புரதங்களோடு பிணைவதால் நாவில் தோன்றும் வறட்சியுணர்வு அது என்று இன்றைய அறிவியல் விளக்குகிறது. கொழுந்தைக் கசக்கிக் காற்றுப்பட வைக்கும்போது இப்பொருள்கள் மாறுகின்றன. தியாஃபிளேவின் சாற்றுக்குப் பொலிவும் விறுவிறுப்பும் தருகிறது; தியாருபிஜின் நிறமும் திண்மையும் தருகிறது. காற்றுப்பட்ட நேரம் மிகுந்தால் பொலிவு மங்கும். புகைநெடி வீசினால் உலர்த்தும் அடுப்பில் பழுது உண்டு என்று ஐயுறலாம். இவ்வாறு தொழிற்சாலையின் குறையைக் கரண்டி காட்டிக்கொடுக்கிறது.

நான் மலையில் ஆசிரியப் பணி புரிந்தபோது, என் மாணவர் பலர் சிறு தேயிலை விவசாயிகளின் மக்கள். அவர்கள் வீட்டுக் கொழுந்தின் விலை, ஏலத்தில் தூள் பெறும் விலையைச் சார்ந்தது. ஆகவே, சுவை காண்பவர் தம் விருப்பத்தை ஒதுக்கிவைப்பது வெறும் தொழில் ஒழுங்கன்று. ஒரு குடும்பத்துக்குச் செய்யும் நீதியுமாகும்.

நீங்களும் இருவகைத் தூளை ஒரே அளவில், பாலும் சர்க்கரையும் இன்றி, ஊறவைத்துப் பாருங்கள். பிடித்ததை எழுதாதீர்கள், கண்டதை எழுதுங்கள். விடைத்தாள் திருத்தும் ஆசிரியனுக்கும் அதுவே கடமை.