அடையாளம் தவறிய விடுதலை

கொட்டியாரக் குடாவைக் கடந்து திருகோணமலையிலிருந்து மூதூருக்குச் செல்லும் படகில் ஏற, போர்க்காலத்தில் பயணச்சீட்டு மாத்திரம் போதாது. அடையாள அட்டையும் வேண்டும். 2009இல் பாலம் திறக்கப்படும்வரை கிண்ணியாத் துறையிலும் நிலைமை அதுவே. அட்டையை வாங்கிப் பார்க்கும் சிப்பாய்க்குப் பெரும்பாலும் தமிழ் தெரியாது. நீட்டுபவர் பலருக்குச் சிங்களம் தெரியாது. தேடப்படும் ஒருவன் இத்தகைய இடத்தில் கைக்குள் அகப்பட்டும் நழுவிப்போவது எவ்வாறு என்பதை நேயர்கள் எளிதில் ஊகிக்கலாம்.

முதற்காரணம் பெயர். தமிழர்க்குக் குடும்பப் பெயர் என்று ஒன்றில்லை. தந்தை பெயர் முன்னே நிற்கும். எழுத்தர் அதையே ஆளின் பெயராகக் கொள்வார். ‘க’ என்னும் ஓரெழுத்து தமிழில் ஈரொலிக்கும் நிற்பது. ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ எழுதுபவர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். ஆகவே கணேசன் ஒருவர் ஓர் ஏட்டில் ஒருவராகவும் மற்றோர் ஏட்டில் வேறொருவராகவும் ஆகிவிடுவார். இதற்கு மேல் இயக்கப் பெயர் வேறு. தேடுவோர் பட்டியலில் இருப்பது அந்தப் பெயர். சட்டைப்பையில் உள்ள அட்டையில் இருப்பதோ பெற்றோர் இட்ட பெயர்.

இக்குறையை நீக்கவென்று வந்தவனே ‘தலையாட்டி’. சுற்றிவளைப்பில் பிடித்தவர்களை வரிசையாக நடத்துவர். முகமூடியிட்ட ஒருவன் எதிரே அமர்ந்திருப்பான். அவன் தலை அசைந்தால் தடுப்புக்காவல், அசையாவிட்டால் வீடு. அவன் அச்சத்தால் அசைத்தானா, பகையால் அசைத்தானா, பழைய தோழனைக் காக்க அசைக்காதிருந்தானா என்று கேட்பார் இல்லை. ஒரு நாட்டின் பாதுகாப்பு ஒரு கழுத்தின் அசைவில் தொங்கியது என்றால் அது மிகையன்று.

இது ஈழத்துக்கே உரிய குறையென்று எண்ணவேண்டா. ஈராக்கில் அபூ முசாப் அல் சர்காவி என்பவரின் தலைக்கு அமெரிக்கா 2 கோடியே 50 லட்சம் டொலர் விலை வைத்திருந்தது. அவரை 2004இல் பலூஜா நகர்ப்புறத்தில் ஈராக்கியப் படையினர் பிடித்தனர் என்றும், இன்னார் என்று அறியாமல் விட்டுவிட்டனர் என்றும் அந்நாட்டு உள்துறைத் துணை அமைச்சர் 2005 டிசம்பரில் வெளியிட்டார். ‘சர்காவி’ என்பது இயற்பெயரன்று. யோர்தானில் அவர் பிறந்த சர்கா என்னும் ஊரால் வந்தது. ஊர்ப்பெயரைத் தலைப்பெழுத்தாக இடும் நம்மவர்க்கு இது புதிதாகத் தோன்றாது. 2005 நவம்பரில் அம்மான் நகர விடுதிகளில் ஏறத்தாழ 60 பேரைக் கொன்ற குண்டுவெடிப்புகள் அவருடைய இயக்கத்தின் செயல். 2006 ஜூன் 7ஆம் நாள் விமானத் தாக்குதலில் அவர் மாண்டார்.

பெயர் சரியாக இருந்தும் செய்தி பிந்துவது மற்றொரு வகை. 2015 நவம்பரில் பாரிஸ் நகரில் 130 பேர் கொல்லப்பட்ட மறுநாட்காலை, அதில் பங்குகொண்ட சலா அப்தெஸ்லாம் பெல்ஜியம் நோக்கிச் சென்ற காரைக் கம்பிரே நகரருகே பிரெஞ்சுப் பொலிசார் நிறுத்தினர். அட்டையைப் பார்த்தனர்; பெயரும் அவருடையதே. அப்பெயருக்கும் முந்தைய இரவுக்கும் உள்ள தொடர்பு மட்டும் அவர்களை எட்டியிருக்கவில்லை. கார் போயிற்று. அவரைப் பிடிக்க நான்கு மாதங்கள் ஆயின.

தெரிந்தே விடுவதை இவற்றோடு சேர்த்தல் தகாது. 1982 மே 19ஆம் நாள் சென்னைப் பாண்டி பஜாரில் பிரபாகரனும் உமா மகேசுவரனும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டு பொலிசாரிடம் சிக்கினர். இலங்கை அரசு அவர்களைத் தன்னிடம் ஒப்படைக்கக் கேட்டது. தமிழகக் கட்சிகள் எதிர்த்தன. ஆகஸ்டு மாதத்தில் நிபந்தனைப் பிணையில் இருவரும் வெளிவந்தனர். பிரபாகரன் மதுரையில் தங்கவேண்டுமென்பது நிபந்தனை. 1983 ஜூலையில் அவர் யாழ்ப்பாணத்தில் இருந்தார். அங்கே ஆளைப் பற்றிய ஐயம் எவர்க்கும் இல்லை. சட்டமும் அரசியலுமே கதவைத் திறந்தன.

அறியாமல் விட்ட பிழைக்கு மருந்தாகக் கைரேகை சொல்லப்படும். கல்கத்தாவில் 1897இலேயே அதற்கென ஒரு செயலகம் எழுந்தது. எழுத்துக்கூட்டல் மாறினும் ரேகை மாறாது. ஆயினும் முன்னரே பதிந்த ரேகை இருந்தால்தான் பின்னர்ப் பதிவது பேசும். முதன்முறை பிடிபடுபவனிடம் அது ஊமை.

படைகள் பெரும்பாலும் கைக்கொண்ட மருந்து வேறு: ஐயமெனில் விடாதே என்பது. ஆராயாத ஆணையால் கோவலன் இறந்த கதையை அறிந்த மக்களுக்கு அதன் விலையை விளக்க வேண்டியதில்லை. 1979இல் தற்காலிகமாக வந்து 1982இல் நிலைபெற்ற பயங்கரவாதத் தடைச் சட்டம், அமைச்சரின் ஆணையால் 18 மாதம்வரை விசாரணையின்றித் தடுத்துவைக்க இடந்தந்தது. திருகோணமலைத் தாய்மார் பலர் அந்த மாதங்களைக் காவல்நிலைய வாசல்களில் எண்ணினர். 2022இல் வந்த திருத்தம் அவற்றைப் பன்னிரண்டாகக் குறைத்தது.